ஔந்துக்கு ஓர் அலமாரி

புணே மாநகரின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டி அமைந்திருக்கும் ஔந்த், இன்றைக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் ஹிஞ்சேவாடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குச் செல்லும் சாலையின் நெரிசலாலும் அறியப்படுகிற ஒரு புறநகர்ப் பகுதி. அங்கே வாடகைக்குக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களும் அதை அலுவலகத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் இடைப்பட்ட ஒரு முகவரியாகவே பெரும்பாலும் அறிந்திருக்கின்றன. ஆனால் ஔந்தையும் அதன் அக்கம்பக்கமான கணேஷ்கிண்ட், கட்கி, தாபோடி ஆகிய இடங்களையும் சேர்த்து நோக்கினால், கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் எழுத்திலும் ஓவியத்திலும் அவ்வளவு அடர்த்தியாகப் பதிவான நிலப்பரப்புகள் மேற்கு இந்தியாவில் அதிகம் இல்லை என்பது புலப்படும். அந்தப் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. புணேயின் அரசு ஆவணக் காப்பகத்தில் சில, வரலாற்று ஆய்வுக் கழகங்களின் அறைகளில் சில, பம்பாய் அரசு அச்சிட்ட தடித்த தொகுதிகளில் சில, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சில என்று அவை சிதறிக் கிடக்கின்றன. அவ்வாறு சிதறியவற்றை அந்த ஊரில் வாழ்கிறவர் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் திரட்டி வைப்பது பொது நூலகத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்று என்பதும், அக்கடமையை இந்திய நூலகங்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை என்பதும் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் கட்கியில் நடந்த போரை எடுத்துக்கொள்ளலாம். மராட்டியப் பேரரசின் முதன்மை அமைச்சர் பதவியாகத் தொடங்கி நாளடைவில் ஆட்சியையே கையில் கொண்ட பேஷ்வா மரபின் கடைசி ஆட்சியாளரான இரண்டாம் பாஜிராவின் படைகள், பாபு கோகலேயின் தலைமையில் கணேஷ்கிண்ட் வெளியில் திரண்டு, கட்கியை ஒட்டி நின்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கின. பேஷ்வாவின் படை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியது. ஆயினும் அன்று மாலைக்குள் அது பின்வாங்க நேர்ந்தது, சில நாட்களில் புணே நகரம் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய சாவித்ரிபாய் புலே பல்கலைக்கழக வளாகத்தையும் அதிலிருந்து ஔந்துக்குச் செல்லும் சாலையையும் அன்றாடம் கடந்து போகிறவர்கள் அந்தப் போர்க்களத்தின் மீதோ அதன் விளிம்பிலோதான் போய்வருகிறார்கள்.

இந்தப் போரைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட வர்ணனை, 1826இல் மராட்டியர் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதி வெளியிட்ட ஜேம்ஸ் கிராண்ட் டஃப் தந்தது. அவர் களத்தை நேரில் கண்டவர். மராட்டியக் குதிரைப்படை சமவெளியை நிறைத்துக்கொண்டு வந்த காட்சியைக் காம்பே வளைகுடாவில் பெருக்கெடுத்து ஏறும் கடல்வெள்ளத்துக்கு ஒப்பிட்டவர். ஆனால் அவர் வென்ற தரப்பின் அதிகாரி என்பதையும், அவருக்குக் கிடைத்த ஆவணங்கள் வென்ற தரப்பு தேர்ந்தெடுத்தவை என்பதையும் மறந்துவிட்டு அந்த நூலைப் படிக்க முடியாது. 1860களிலேயே நீலகண்ட ஜனார்தன் கீர்த்தனே என்னும் இளைஞர் டஃபின் நூலை மராத்தியில் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சன மரபின் வழிவந்த விஸ்வநாத் காசிநாத் ராஜ்வாடே, ஊர் ஊராக அலைந்து பழைய குடும்பங்களின் பரண்களிலும் பெட்டிகளிலும் இருந்த காகிதங்களைத் தேடிப் பிடித்து, மராட்டியர் வரலாற்றுக்கான மூலச் சான்றுகளை 22 தொகுதிகளாகப் பதிப்பித்தார். அவரும் காண்டேராவ் சிந்தாமண் மேஹேந்தளேயும் சேர்ந்து 1910இல் நிறுவிய பாரத் இதிஹாஸ் சம்சோதக் மண்டல் இன்றும் புணேயின் சதாசிவப் பேட்டையில் இயங்குகிறது.

இதே நிகழ்வுக்கு மூன்றாவது வகைச் சான்றும் உண்டு. பேஷ்வா தப்தர் எனப்படும் ஆட்சி ஆவணத் தொகுதி, கோடிக்கணக்கான தாள்களாகப் புணே ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி மோடி எழுத்தில் அமைந்தது. மோடி என்பது மராத்தியை விரைந்து எழுதுவதற்குக் கையாளப்பட்ட, எழுதுகோலை அதிகம் எடுக்காமலே தொடர்ந்து எழுதிச் செல்லத்தக்க வளைவெழுத்து. ஆங்கிலேய ஆட்சியில் நெடுங்காலம் ஆய்வாளர்களுக்கு எளிதில் திறந்துவிடப்படாத இந்தத் தொகுதியிலிருந்து கோவிந்த் சகாராம் சர்தேசாய் தேர்ந்தெடுத்துப் பதிப்பித்த 45 தொகுதிகள் 1930க்கும் 1934க்கும் இடையில் அச்சேறின. டஃபின் நூல், ராஜ்வாடேயின் தொகுதிகள், தப்தர் தேர்வுகள் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிக்கும் ஒருவருக்கே கட்கிப் போர் என்பது என்னவென்று விளங்கத் தொடங்கும். ஒன்றை மட்டும் படித்தவர் ஒரு தரப்பின் குரலை மட்டும் கேட்டவராகவே நின்றுவிடுகிறார். போர் தொடங்கிய அன்றே, முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தில் இருந்த ஆங்கிலத் தூதர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டனின் மாளிகை கொளுத்தப்பட்டு, அவர் திரட்டி வைத்திருந்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஔந்தின் பக்கத்து நிலத்தில் நடந்த போர் ஒரு நூல் சேகரிப்பின் அழிவையும் உள்ளடக்கியது.

எழுத்து ஆவணங்களை விடவும் குறைவாக அறியப்பட்டது இப்பகுதியின் ஓவியச் சான்று. பேஷ்வாவின் பணியில் இருந்த ஆங்கிலேயரான ஃபோர்டு என்பவரின் படைப்பிரிவு தாபோடியில் முகாமிட்டிருந்தது; போரன்று அது கம்பெனியின் பக்கம் சேர்ந்துகொண்டது. போருக்குப் பின் 1828இல் அவருடைய மாளிகையை அப்போதைய பம்பாய் ஆளுநர் ஜான் மால்கம் அரசுக்காக வாங்கி, அங்கே ஒரு தாவரவியல் தோட்டத்தையும் அமைத்தார். அத்தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்து, பின்னர் பம்பாய் மாகாணத்தின் வனப் பாதுகாவலரான அலெக்சாண்டர் கிப்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், 1847க்கும் 1850க்கும் இடையில் அங்கு வளர்ந்த செடிகொடிகளை ஓர் ஓவியரைக் கொண்டு வரைவித்தார். 170 அளவிலான அந்த வண்ணப் படங்களில் இலையின் நரம்பும் பூவின் உட்பகுதியும் கனியின் குறுக்கு வெட்டும் தாவரவியலுக்கு வேண்டிய துல்லியத்தோடு தீட்டப்பட்டுள்ளன. வரைவித்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. வரைந்தவர் போர்த்துகீசிய இந்திய மரபைச் சேர்ந்தவர் என்ற அளவுக்கு மேல் அவருடைய பெயர்கூட எஞ்சவில்லை. இந்தியத் தொழில்முறை ஓவியர்கள் ஐரோப்பிய அதிகாரிகளின் தேவைக்காக வரைந்தவற்றைக் கலை வரலாற்றாசிரியர்கள் கம்பெனி ஓவியம் என்று பொதுப்பெயரிட்டு அழைக்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு இந்தப் பெயரின்மை ஒரு தலையெழுத்தைப் போலவே வாய்த்திருக்கிறது.

தாபோடி ஓவியங்கள் இப்போது எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தாவரவியலாளர் ஹென்றி நோல்ட்டி அவற்றை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்ட பிறகுதான் அவை உலகப் பார்வைக்கு வந்தன. தாபோடி மாளிகை பின்னர் விற்கப்பட்டது. அதற்கு மாற்றாக ஆளுநர் பார்ட்டில் ஃபிரேர் காலத்தில் 1864இல் தொடங்கி 1871இல் முடிக்கப்பட்ட ஆளுநர் மாளிகைதான் 1949 முதல் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடமாக விளங்குகிறது. 1873இல் கணேஷ்கிண்டில் அமைந்த தாவரவியல் தோட்டம் தாபோடித் தோட்டத்தின் பணியைத் தொடர்ந்தது. ஆகவே ஔந்தில் வாழும் ஒரு பள்ளி மாணவி தன் வீட்டுக்கு அருகில் இருக்கும் மரங்களின் வரலாற்றை அறிய வேண்டுமானால் எடின்பரோவில் இருக்கும் படங்களின் அச்சுப்படிகளும், நோல்ட்டியின் நூலும், கணேஷ்கிண்ட் தோட்டத்தின் தாவரப் பட்டியலும் ஒரே அலமாரியில் அவளுக்குக் கிடைக்க வேண்டும். மூலப் படங்கள் திரும்பி வர வேண்டுமா என்பது வேறு விவாதம். நல்ல அச்சுப்படிகளைப் பெற்று விளக்கக் குறிப்புகளோடு வைப்பதற்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதே கணேஷ்கிண்ட் சாலையில்தான் 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிளேக் தடுப்பு அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அவரைச் சுட்ட சாபேகர் சகோதரர்களின் பெயர் பாடநூல்களில் இருக்கிறது. ஆனால் தாமோதர் சாபேகர் சிறையில் எழுதிய தன்வரலாற்றின் ஆங்கில வடிவம், பம்பாய் அரசு விடுதலைப் போராட்ட வரலாற்றுக்காகத் தொகுத்து 1958இல் வெளியிட்ட மூலச் சான்றுகளின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது என்பதைச் சாலையோர நினைவிடத்தைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? பிளேக் காலத்தில் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்ட முறைகளைப் பற்றிய அதிகாரப்பூர்வ அறிக்கைகளும், அவற்றைக் கண்டித்த மராத்திப் பத்திரிகைகளின் கட்டுரைகளும், அந்தத் தன்வரலாறும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படும்போது, ஒரு கொலைவழக்காகவோ ஒரு வீரக்கதையாகவோ சுருங்கிப்போன நிகழ்வு தன் முழுச் சிக்கலோடு வாசகருக்கு முன் நிற்கும்.

இவ்வாறு ஓரிடத்தைப் பற்றிய நூல், ஆவணம், வரைபடம், ஒளிப்படம், துண்டறிக்கை, ஓவியம் ஆகிய எல்லாவற்றையும் பொருள் வாரியாகப் பிரித்துவிடாமல் அந்த இடத்தின் பெயராலேயே தொகுத்து வைப்பதை நூலகவியலில் உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பு என்பர். வழக்கமான நூலக வகைப்பாட்டில் தாவரவியல் ஓரிடத்திலும், போர் வரலாறு இன்னோரிடத்திலும், ஓவியம் மூன்றாவது இடத்திலும் போய்விடும். அறிவுத்துறைகளைத் தேடுகிறவருக்கு அது உதவும், தன் ஊரைத் தேடுகிறவருக்கு உதவாது. இங்கிலாந்தின் நகர நூலகங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தத்தம் வட்டாரத்துக்குத் தனிச் சேகரிப்புகளை வளர்த்தன. அவற்றுக்குள்ள ஆபத்தையும் அவையே முதலில் உணர்ந்தன: 1879 ஜனவரியில் பர்மிங்காம் மைய நூலகம் தீப்பற்றியபோது, வார்விக்ஷயர் வட்டாரத்தைப் பற்றித் தலைமுறைகளாகத் திரட்டப்பட்ட ஸ்டான்டன் சேகரிப்பின் பெரும்பகுதி எரிந்துபோனது. அச்சான நூலை வேறோர் இடத்தில் தேடி வாங்கலாம். ஒரே பிரதியாக இருக்கும் ஊர்ப்பத்திரத்தை எங்கே வாங்குவது? 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் இழப்பு தமிழருக்கு ஆறாத புண்ணாக இருப்பதற்கு அங்கிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. அந்த மண்ணுக்கே உரிய ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றுள் இருந்தன. 2004 ஜனவரியில் புணேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்த கும்பல் நூல்களையும் சுவடிகளையும் சிதைத்த நிகழ்வும் இந்த வரிசையில் சேர்வதே. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக வைக்கப்படும் எதுவும் பாதுகாப்பானதன்று. படியெடுத்துப் பல ஊர்களில் பரப்பி வைப்பதும் பாதுகாப்பின் ஒரு வழி.

நூலும் ஓவியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு முன்மாதிரி ஒன்று, இதே பெயர் கொண்ட மற்றோர் ஔந்தில் இருக்கிறது. சதாரா மாவட்டத்தின் கடாவ் வட்டத்தில் யமாய் தேவி கோயில் குன்றின் அடியில் அமைந்த அந்தச் சிற்றூர், 1948இல் இந்தியாவோடு இணையும்வரை 72 கிராமங்களைக் கொண்ட ஒரு சிறு சமஸ்தானத்தின் தலைநகராக இருந்தது. அதன் ஆட்சியாளர்களின் பட்டப்பெயர் பந்த் பிரதிநிதி. அரசருக்கு மாற்றாக நின்று செயற்படும் அதிகாரம் பெற்ற பிரதிநிதி என்னும் பதவி முதன்முதலில் உருவானது தமிழ் மண்ணில் என்பது தமிழ் வாசகர்கள் கவனிக்கத்தக்கது. சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயரின் முற்றுகைக்குத் தப்பித் தெற்கே வந்து, 1689 முதல் 1698 வரை செஞ்சிக் கோட்டையில் அரசிருக்கை கொண்டிருந்தபோது, பிரகலாத் நிராஜிக்கு அந்தப் பதவியை ஏற்படுத்தினார்; பின்னர் அது பரசுராம் திரியம்பக்கின் குடும்பத்துக்கு வந்து, ஔந்த் மரபாக நிலைத்தது. செஞ்சியைப் பற்றிய ஒரு நூலகச் சேகரிப்பு முறையாக அமைந்தால் அதில் சதாராவின் ஔந்துக்கும் ஓர் இடம் உண்டு. ஔந்தின் சேகரிப்பில் செஞ்சிக்கும் ஓர் இடம் உண்டு.

அந்த மரபின் கடைசி ஆட்சியாளரான பவன்ராவ் சீனிவாசராவ் பந்த் பிரதிநிதி, மக்கள் வழக்கில் பாலாசாஹேப், 1909இல் ஆட்சிக்கு வந்தார். அவர் கலையை வாங்கிச் சேர்த்தவர் மட்டுமின்றித் தாமே தூரிகை பிடித்தவர். இராமாயணத்தைத் தம் ஓவியங்களாலேயே சொல்லும் நூலை 1916இல் வெளியிட்டார். எல்லோராவுக்கும் அஜந்தாவுக்கும் கையேடுகள் எழுதினார். 1938இல் அவர் ஔந்தில் திறந்த ஸ்ரீ பவானி அருங்காட்சியகமும் நூலகமும் இன்று மகாராஷ்டிர அரசின் பொறுப்பில் உள்ளன. ராஜா ரவிவர்மா, எம்.வி. துரந்தர் முதலானோரின் எண்ணெய் வண்ண ஓவியங்களும், முகலாய, ராஜபுத்திர, பஹாடி மரபுச் சிற்றோவியங்களும், ஐரோப்பிய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்துத் தீட்டிய படிகளும், ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூரின் தாயும் சேயும் சிற்பமும் ஒரு சிற்றூரில் அடுத்தடுத்த அறைகளில் காணக் கிடைப்பது வியப்புக்குரியது. அதைவிட முக்கியமானது, அந்தச் சேகரிப்பை அவர் அரண்மனைக்குள் பூட்டி வைக்காமல் குன்றின் சரிவில் தனிக் கட்டடம் எழுப்பி வைத்தது. அதே காலத்தில் அவர் அதிகாரத்தையும் மக்களிடம் கொடுக்கத் துணிந்தார்: காந்தியின் வழிகாட்டலோடும், போலந்துப் பொறியாளர் மாரிஸ் ஃபிரீட்மன், பாலாசாஹேபின் மகன் அப்பா பந்த் ஆகியோரின் உழைப்போடும் உருவாகி 1939இல் நடைமுறைக்கு வந்த ஔந்த் சுயராஜ்ய அரசியலமைப்பு, கிராமப் பஞ்சாயத்துகளை அடித்தளமாகக் கொண்டது. ரமண மகரிஷியின் அன்பர்களில் ஒருவராகத் திருவண்ணாமலையோடு தொடர்பு கொண்டிருந்த அதே ஃபிரீட்மன்தான் இவர். அருங்காட்சியகமும் அரசியலமைப்பும் ஒருவரிடமிருந்தே, சற்றேறக்குறைய ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதால், இரண்டையும் பொதுவுடைமை என்னும் ஒரே எண்ணத்தின் இரு செயல்களாகக் கருதுவது பொருந்தும்.

பாலாசாஹேபின் ஓவிய ஆர்வம் புணேயையும் தஞ்சாவூரையும் இணைத்த ஒரு பெரும்பணிக்கும் காரணமாயிற்று. 1917இல் பண்டார்கர் நிறுவனம் தொடங்கப்பட்ட மறு ஆண்டே, படங்களோடு கூடிய மகாபாரதப் பதிப்பு ஒன்று வேண்டும் என்று கேட்டு அதற்கு ஒரு லட்சம் ரூபாய் தர அவர் முன்வந்தார். அந்தக் கோரிக்கை அறிஞர்களின் கையில் செம்பதிப்பாக வளர்ந்தது. செம்பதிப்பு என்பது கிடைக்கும் சுவடிகள் அனைத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்து, மிகப் பழைய பாடத்தை மீட்டெடுக்க முயலும் பதிப்பு. 1919 ஏப்ரலில் தொடங்கி, 1925 முதல் சம்ஸ்கிருத அறிஞர் வி.எஸ். சுக்தங்கரின் பொறுப்பில் உறுதியான முறையியலைப் பெற்று, 1966இல் நிறைவெய்திய அந்தப் பணியில் 1,259 சுவடிகள் ஒப்பிடப்பட்டன. வங்க எழுத்துச் சுவடிகளை ஒப்பிடுவதற்குச் சாந்திநிகேதனிலும், தென்னக எழுத்துகளில் அமைந்தவற்றை ஒப்பிடுவதற்குத் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலிலும் கிளைப் பணியிடங்கள் இயங்கின. தொடக்கத் தொகுதிகளின் முகப்பில் சுக்தங்கரின் பெயரோடு, படங்களை வரைந்தவராக ஔந்த் அரசரின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. பாடபேதங்களின் கணிதத் துல்லியத்துக்குப் பெயர்பெற்ற ஒரு பதிப்பு, கதையைப் படமாகப் பார்க்க விரும்பிய ஒருவரின் ஆசையிலிருந்து பிறந்தது என்பதைப் பதிப்பு வரலாற்றைப் பேசுகிறவர்கள் இன்னும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூருக்கு இதில் தனிப் பொருத்தம் உண்டு. தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரையிலான தம் காலத்தில் வளர்த்தெடுத்த சரஸ்வதி மகாலில் சுவடிகளோடு தாவர, விலங்கு ஓவியங்களும், கண்நோயாளிகளின் நிலையைப் படத்தோடு பதிந்த மருத்துவக் குறிப்புகளும் உள்ளன. 1918இல் பொதுமக்களுக்குரிய நூலகமான பின்னும் அங்கே நூலும் படமும் பிரிக்கப்படவில்லை. பெருவுடையார் கோயில் சுவரில் 1803இல் வெட்டப்பட்ட போன்ஸ்லே குல வரலாற்றுக் கல்வெட்டையும், தஞ்சை மோடி ஆவணங்களையும், அவற்றுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் வாசகருக்குத் தஞ்சையின் வரலாறு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்காத ஆழத்தோடு கிடைக்கும்.

பெருஞ்சேகரிப்புகள் இவ்வாறு இருக்க, தெருமுனை நூலகம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1945இல் கோலாப்பூர் சமஸ்தானத்தில் வந்தது. விடுதலைக்குப் பின் முதலாவதாக வந்தது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியின் பயனான 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கும் முறையை அது நிலைநிறுத்தியதால், தமிழ்நாட்டில் இன்று அரசுப் பொறுப்பில் 4,000க்கும் மேற்பட்ட நூலகங்கள் இயங்குகின்றன. மகாராஷ்டிரம் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறு வழியைத் தேர்ந்தது: அங்கே நூலக வரி இல்லை; உள்ளூர்ச் சங்கங்கள் நடத்தும் நூலகங்களைத் தரம் பிரித்து அரசு மானியம் அளிக்கிறது. 1848இல் தொடங்கப்பட்ட புணே நகர் வாசன் மந்திர் போன்ற மூத்த அமைப்புகள் அந்தச் சங்க மரபைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு முறையில் நிலையான வருவாய் இருக்கிறது. ஆனால் நூல் கொள்முதல் பெரும்பாலும் மையத்தில் முடிவாகிறது என்பதால் வேதாரண்யத்துக் கிளை நூலகத்திலும் வால்பாறைக் கிளை நூலகத்திலும் ஒரே வகை நூல்களே நிறைந்திருக்கின்றன. மகாராஷ்டிர முறையில் ஊர்ப்பற்று இருக்கிறது, பணம் போதுவதில்லை. உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்புக்கு இரண்டும் தேவை.

செலவு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. ஔந்தைப் போன்ற பகுதிக்கு முதலில் வேண்டியது ஓர் இடவாரி நூற்பட்டியல்: அந்த நிலத்தைப் பற்றிய எந்தச் செய்தி எந்த நூலகத்தில், எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறிக்கும் கையேடு. 1885இல் மூன்று பகுதிகளாக வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் புணேத் தொகுதியிலிருந்து தொடங்கினாலே அதில் சில நூறு குறிப்புகள் சேர்ந்துவிடும். அடுத்ததாக, பழைய நில அளவை வரைபடங்களின் படிகளும், பெரிய அளவில் அச்சிட்டுத் தொங்கவிடக்கூடிய ஓவியப் படிகளும் வேண்டும். ஓவியத்தைப் பின்னிணைப்பாகக் கருதும் பழக்கம் நம் நூலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எழுத்தறிவு குறைந்த முதியவரும் மராத்தி தெரியாத புதிய குடியேறியும் முதலில் நுழையக்கூடிய வாசல் படம்தான் என்பதால் அந்தப் பழக்கம் மாற வேண்டும். மூன்றாவதாக, அந்த ஊரில் வாழ்கிறவர்களின் சொந்தக் காகிதங்களான நில ரசீதுகள், திருமண அழைப்பிதழ்கள், வீட்டு ஒளிப்படங்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள் ஆகியவற்றை ஒரு நாள் பெற்று, மின்னுருவாக்கி, உரியவரிடமே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு. ஈழத் தமிழ் ஆவணங்களை இம்முறையில் திரட்டி இணையத்தில் அனைவருக்கும் திறந்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனம், பெரிய கட்டடம் இல்லாமலேயே இது இயலும் என்பதைக் காட்டியிருக்கிறது.

புதிய குடியேறிகளும் அந்த அலமாரிக்கு உரிமையுடையவர்களே. ஔந்த் சாலையில் உள்ள ஸ்பைசர் கல்வி நிறுவனம் 1915இல் கோயம்புத்தூரில் ஒரு சிறு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, பெங்களூரு வழியாக 1942இல் புணேக்கு வந்து சேர்ந்தது. கட்கியின் படைமுகாமை அண்டித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. இவர்களைப் பற்றிய எழுத்து இல்லாமல் அந்த வட்டாரத்தின் வரலாறு நிறைவடையாது. அதை எழுதுவதற்கு வேண்டிய கடிதங்களும் சங்க மலர்களும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களும் தமிழில் இருப்பதால், அவற்றை அடையாளம் கண்டு கொடுக்க வேண்டியவர்கள் அங்கே வாழும் தமிழர்களே.

எல்லாவற்றையும் விட அவசரமானது மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களைப் பெருக்குவது. புணேயிலும் தஞ்சாவூரிலும் கட்டுக்கட்டாக இருக்கும் ஆவணங்களின் அளவோடு ஒப்பிட்டால், அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத் தேர்ந்தவர்கள் மிகச் சிலரே. சரஸ்வதி மகாலும் புணேயின் ஆய்வுக் கழகங்களும் இணைந்து ஒரு பொதுப் பாடத்திட்டத்தை வகுத்து, கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்கள் வழியாக வார இறுதி வகுப்புகளை நடத்தினால், மராத்தி அறிந்த தஞ்சை இளைஞர்களும் தமிழ் அறிந்த புணே இளைஞர்களும் ஒரே பயிற்சியில் சேர முடியும். பயிற்சிக்குரிய முதல் பாடமாக ஔந்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் தப்தர் தாள்களில் ஒரு கட்டையும், தஞ்சை அரண்மனைக் கணக்குகளில் ஒரு கட்டையும் எடுத்துக்கொள்ளலாம்.